ஏழு இரும்பு மாத்திரைகள்: கருத்தடை மாத்திரையின் அளவு குறைந்த கதை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். 21 வெள்ளை. ஒவ்வொன்றிலும் 0.15 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல், 0.03 மி.கி. எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜன். மீதி ஏழும் வேறு நிறம். அவற்றில் இருப்பது இரும்புச்சத்து மட்டுமே. உதிரம் படுவது அந்த ஏழு நாள்களில்தான். “மாசம் தவறாம தூரமாகுது, மாத்திரை ஒத்துக்கிச்சு” என்று நிம்மதி அடைவதும், உதிரம் குறைந்தால் “கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுச்சோ” என்று பயப்படுவதும் அதை வைத்துத்தான். மருத்துவக் கணக்கில் அது மாதவிலக்கே இல்லை. இந்த மாத்திரை கருமுட்டை வெளிவருவதை நிறுத்துகிறது. கருப்பையின் உள்சவ்வையும் மெலிதாகவே வளரவிடுகிறது. ஹார்மோன் நின்றதும் அந்த மெல்லிய சவ்வு உதிர்கிறது. உள்ளே தங்கிக் கெடுவதற்கு அங்கே ரத்தம் சேர்வதில்லை.

அப்படியானால் ஹார்மோன் இல்லாத இந்த ஏழு நாள் இடைவெளி எங்கிருந்து வந்தது? 1950-களின் தொடக்கத்தில், பாஸ்டனில் ஜான் ராக் என்ற மகப்பேறு மருத்துவர் பிள்ளையில்லாத 80 பெண்களுக்கு இடைவிடாமல் ஹார்மோன் கொடுத்தார். சினைப்பைக்குச் சில மாதம் ஓய்வு கிடைத்தால் பிறகு கரு தங்கும் என்பது அவர் கணிப்பு. தீட்டு நின்றது, மார்பு கனத்தது, குமட்டியது. கர்ப்பம் என்றே பலர் நம்பிவிட்டார்கள். இல்லை என்று தெரிந்தபோது அவர்கள் பட்ட வேதனையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருந்தை நிறுத்தியபின் 13 பேர் கருவுற்றார்கள். கருத்தடைக்காக இதே ஹார்மோன்களை ஆராய்ந்துகொண்டிருந்த கிரெகரி பின்கஸ், 20 நாள் கொடுத்து நிறுத்தலாம், மாதாமாதம் உதிரம் பட்டுவிடும் என்று யோசனை சொன்னார். இன்றைய அட்டையின் அமைப்புக்கு அதுதான் வேர்.

“மாத்திரை போட்டால் அப்புறம் பிள்ளையே தங்காது” என்ற அச்சத்துக்கும் இந்த வரலாற்றிலேயே பதில் இருக்கிறது: பிள்ளை வேண்டி வந்தவர்களிடம்தான் இதன் முன்னோடி முதலில் சோதிக்கப்பட்டது. கருவுறுவதற்காக மாத்திரையை நிறுத்திய ஐரோப்பியப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், 100-க்கு 21 பேர் முதல் சுழற்சியிலும், ஏறத்தாழ 79 பேர் ஓராண்டுக்குள்ளும் கருவுற்றார்கள். சினைப்பை நீர்க்கட்டியால் முன்பே விலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தவர்களுக்கு, மாத்திரை அதை மூடி வைத்திருக்கும். நிறுத்தியதும் பழைய கோளாறு வெளிப்படும், பழி மாத்திரையின் மேல் விழும்.

பக்கவிளைவு விஷயத்தில் பெண்களின் அச்சத்தை இப்படி விளக்கித் தீர்க்க முடியாது. அங்கே சரியாகச் சொன்னவர்கள் அவர்கள்தான். 1956-இல் போர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியேத்ராஸ் குடியிருப்பில் பெரிய அளவிலான சோதனை தொடங்கியது. மாத்திரை ஒன்றில் நோரெதினோட்ரெல் சுமார் 10 மி.கி., மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் 0.15 மி.கி. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடை பார்த்தாலே இன்றைய மாலா-என்னைப் போல ஐந்து மடங்கு. சோதனையை நடத்திய மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, கரு தங்கவில்லை, ஆனால் 17 சதவீதம் பேருக்குத் தலைசுற்றல், வாந்தி, தலைவலி, வயிற்றுவலி என்று அறிக்கை எழுதினார்; பொதுவாக எல்லோருக்கும் கொடுக்க இது ஏற்றதல்ல என்றும் சொன்னார். பின்கஸ் அதில் பெரும்பகுதியை மனப்பிரமை என்று தள்ளினார். சோதனைக் காலத்தில் இறந்த மூன்று பெண்களுக்கு உடற்கூறாய்வுகூட நடக்கவில்லை. ஏழைப் பெண்கள் என்பதால்தான் இது முடிந்தது என்றே நான் கருதுகிறேன்.

1960-இல் அமெரிக்கா இந்த மாத்திரையைக் கருத்தடைக்கு அனுமதித்தது. அடுத்த ஆண்டே, மாத்திரை எடுத்த பெண்ணின் நுரையீரலில் ரத்தம் உறைந்ததைப் பிரிட்டன் மருத்துவர் ஒருவர் ‘லான்செட்’ இதழில் எழுதினார். 1969-இல் மாத்திரையின் ஆபத்துகளைப் பற்றி பார்பரா சீமன் எழுதிய நூல் வந்தது. 1970-இல் மாத்திரையின் பாதுகாப்பு குறித்து அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சன் நடத்திய விசாரணையில் சாட்சி சொல்ல மாத்திரை சாப்பிட்ட பெண் ஒருவரையும் அழைக்கவில்லை. பெண்ணுரிமைப் போராளி ஆலிஸ் வுல்ஃப்சனும் தோழிகளும் பார்வையாளர் பகுதியிலிருந்து எழுந்து கேள்வி கேட்டார்கள். அதன் பிறகுதான் எச்சரிக்கைத் துண்டுச்சீட்டு மாத்திரையோடு வந்தது. ஈஸ்ட்ரோஜன் அளவும் 0.05 மி.கி.க்கும் அதற்குக் கீழுமாக இறங்கியது.

அபாயம் குறைந்தது, முற்றிலும் போய்விடவில்லை. மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 பேருக்கு ரத்தம் உறைகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை எடுப்பவர்களில் 5 முதல் 7 பேருக்கு. கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் இந்த அபாயம் இதைவிட அதிகம். பிரிட்டனில் 1968 முதல் சுமார் 46,000 பெண்களைத் தொடர்ந்த ஆய்வு உட்படப் பல ஆய்வுகள், சினைப்பை, கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய்கள் குறைவதையும் அந்தப் பாதுகாப்பு நிறுத்திய பின்னும் பல்லாண்டு நீடிப்பதையும் காட்டின. மார்பகப் புற்றுநோய் அபாயம் எடுக்கும் காலத்தில் சற்றுக் கூடி, நிறுத்தியபின் படிப்படியாக மறைகிறது. ஆகவே அட்டையை நீட்டும் முன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி உண்டா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாரா, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறாரா என்று கேட்க வேண்டும். ரிஃபாம்பிசின் இந்த மாத்திரையின் பலனையே கெடுத்துவிடும்.

ஏழு நாள் இடைவெளியால் உடல்நலத்துக்குத் தனி நன்மை இல்லை என்று பிரிட்டன் வழிகாட்டுதல் 2019-இல் கூறிவிட்டது. ரத்தசோகை மிகுந்த நம் நாட்டில் அந்த ஏழு இரும்பு மாத்திரைகளுக்கு ஒரு பயன் உண்டு. ஆனால் கரு தங்கிவிடும் ஆபத்து அதிகம் உள்ளதும் அவை முடியும் இடத்தில்தான். ஏழு நாளில் சினைப்பை விழிக்கத் தொடங்கியிருக்கும். உதிரம் இன்னும் நிற்கவில்லை என்றாலும், எட்டாம் நாள் புதிய அட்டையின் முதல் வெள்ளை மாத்திரையைப் போட்டுவிட வேண்டும்.