டென்னிஸ் வீரரே இல்லை... பிரெஞ்சு ஓபன் மைதானத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? யார் இந்த ரோலண்ட் காரோஸ்?

பிரெஞ்சு ஓபன் நடக்கும் பாரிஸ் மைதானத்தின் பெயர் ரோலண்ட் காரோஸ். யாரோ பழைய டென்னிஸ் சாம்பியன் போல என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அவர் ஒரு விமானி. 1913-ல் எங்கும் தரையிறங்காமல் மத்திய தரைக்கடலை முதன்முதலில் விமானத்தில் கடந்தவர். முதல் உலகப் போரில் அவர் செய்த ஒரு காரியம்தான் போர் விமானங்களின் வரலாற்றையே மாற்றியது.

என்ன சிக்கல்?

போரின் தொடக்கத்தில் விமானங்களின் முக்கிய வேலை வேவு பார்ப்பதுதான். இயந்திரத் துப்பாக்கியை முன்பக்கம் பொருத்தினால், விமானத்தைத் திருப்பியே குறி வைக்கலாம். ஆனால் எதிரில் சுழல்வது மர ப்ரொப்பெல்லர். அதில் தோட்டா பட்டால் என்ன ஆகும்? தன் விமானத்தைத் தானே சுட்டு வீழ்த்திய கதைதான்!

காரோஸ் கண்ட வழி

ப்ரொப்பெல்லர் பிளேடுகளில், தோட்டா படக்கூடிய இடத்தில் ஆப்பு வடிவ எஃகுத் தகடுகளைப் பொருத்தினார். பெரும்பாலான தோட்டாக்கள் இடைவெளியில் போய்விடும். சில மட்டும் தகட்டில் பட்டுத் தெறிக்கும். ஆபத்தான வேலைதான், ஆனால் பலித்தது. 1915 ஏப்ரல் மாதத்தில் மட்டும் மூன்று ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார்.

ஏப்ரல் 18-ல் எதிரி எல்லைக்குள் இறங்க வேண்டிய கட்டாயம். விமானத்துக்குத் தீ வைத்தார். முழுசாக எரியவில்லை. காரோஸும் சிக்கினார், ரகசியமும் சிக்கியது.

ஃபோக்கர் செய்தது என்ன?

ஜெர்மனிக்கு விமானம் தயாரித்துக் கொடுத்த நெதர்லாந்துக்காரர் ஆண்டனி ஃபோக்கரின் குழு, தகடு முறையை அப்படியே காப்பி அடிக்கவில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சக்கரத்தில் ஒரு மேடு. அது ஒரு கம்பியைத் தள்ளும். அப்போது துப்பாக்கி சுடும். பிளேடு குழலுக்கு நேராக இல்லாத நேரத்தில் மட்டுமே தோட்டா கிளம்பும். போருக்கு முன்பே சிலர் யோசித்த ஐடியாதான். அதைப் போர்க்களத்தில் ஜெயிக்க வைத்தது ஃபோக்கரின் விமானம்.

1915 ஜூலை 1-ல் ஜெர்மன் விமானி கர்ட் வின்ட்ஜென்ஸ் இந்த முறையில் ஒரு பிரெஞ்சு விமானத்தை வீழ்த்தினார். அடுத்த சில மாதங்களுக்கு பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானிகளுக்கு வானமே எமனானது. பிறகு அவர்களும் இதே நுட்பத்துக்கு மாறினார்கள்.

கடைசியில் என்ன ஆனார்?

1918 பிப்ரவரியில் காரோஸ் சிறையிலிருந்து தப்பினார். ஊரோடு ஓய்ந்துவிடவில்லை, மறுபடி போருக்கே போனார். இந்த முறை அவர் ஓட்டிய ஸ்பாட் விமானத்தில் எஃகுத் தகடுகள் தேவைப்படவில்லை. ப்ரொப்பெல்லருக்கு ஏற்பச் சுடும் துப்பாக்கிகளே இருந்தன.

அக்டோபர் 5-ல் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் அவருக்கு 30-வது பிறந்தநாள். போர் முடிய ஐந்து வாரங்கள்தான் பாக்கி. பத்து வருடம் கழித்து, 1928-ல் கட்டப்பட்ட டென்னிஸ் மைதானத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.