ஒன்பதாம் சிம்பொனியின் சேர்ந்திசை இறுதிப் பகுதி

பீத்தோவன் இயற்றி 1824 மே 7 அன்று வியன்னாவில் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியின் நான்காம் பகுதி, கருவிகளுக்கே உரியதாயிருந்த சிம்பொனி வடிவத்திற்குள் தனிக்குரல்களையும் சேர்ந்திசைக் குழுவையும் கொண்டுவந்த பெரும் திருப்பமாகும். முந்தைய மூன்று பகுதிகளின் சாயல்களை இசைக்குழு நினைவூட்ட, செல்லோக்களும் டபுள் பாஸ்களும் பேச்சை ஒத்த தொடர்களால் அவற்றை விலக்கிவிட்டு, பெரும்பாலும் அடுத்தடுத்த சுரங்களில் நகரும் எளிய மெட்டொன்றைத் துணையின்றி, மிகத் தாழ்ந்த ஒலியில் தொடங்குகின்றன. அதன் சுரவரிசை சங்கராபரணத்தினுடையது என்பதால் கர்நாடக இசை கேட்ட செவிக்கும் அது அந்நியமாக ஒலிப்பதில்லை. மெட்டு கருவிக்குக் கருவி பரவி வளர்ந்தபின், பாரிட்டோன் எனப்படும் இடைநிலை ஆண்குரல் எழுந்து அழைக்க, கவிஞர் ஷில்லர் 1785இல் எழுதிய மகிழ்ச்சிப் பாடலைச் சேர்ந்திசைக் குழு ஏற்கிறது. இரு கருப்பொருள்கள் ஒன்றையொன்று துரத்திப் பின்னும் இரட்டை ஃபியூக்கில், சோப்ரானோ என்னும் உச்சப் பெண்குரல்கள் மேல்சுரத்தைப் பல தாளக்கட்டுகளுக்குத் தாங்கி நிற்கும் இடம் பாடகர்களுக்குக் கடும் சோதனை. கேட்போருக்கோ மெய்சிலிர்க்கும் கணம். இதைப் படைத்தவர் செவித்திறன் இழந்தவர். முதல் அரங்கேற்றத்தின் கரவொலியைக் காண அவரைப் பாடகியொருவர் திருப்பிவிட நேர்ந்தது. மும்பையில் பிறந்த இசை நடத்துநர் சூபின் மேத்தா, ஜப்பானில் நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் துயருற்றோருக்கு உதவும் பொருட்டு, 2011 ஏப்ரலில் இச்சிம்பொனியை டோக்கியோவில் நடத்தினார்.