நாடியும் நாழியும்

தத்துவ தாத்துவிகங்கள் தொண்ணூற்றாறனுள் ஒரு கூறாகிய தசநாடிக்கு உரை கூறப் புகுவார் சிலர், ‘பத்து நரம்புகள்’ என்று ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றனர். அது பொருந்தாது. நரம்பென்பது யாழிற் கட்டும் தந்திக்கும் உடலிற் கிடக்கும் தந்திக்கும் பொதுவாய் இழையையே சுட்டுவது; இழையினுள் வாயு இயங்குமாறில்லை. இடை, பிங்கலை, சுழுமுனை வழியாகப் பிராணன் இயங்குமென நூல்கள் கூறுதலின், நாடி உட்டுளையுடைய வழியென்பதே பெறப்படும்.

வடமொழியில் நளம் என்பது நாணலின் பெயர். அதனோடு இனமாகிய நாடீ, நாளீ என்பன குழாய்த் தண்டினையும் குழாயினையும் உணர்த்தும். தாமரைத்தண்டு நாளம் எனப்படுதலும் அவ்வாறே. இருதயத்தினின்று நூற்றொரு நாடிகள் புறப்படுமென்றும், அவற்றுள் ஒன்றே தலைநோக்கி மேற்செல்லுமென்றும் சாந்தோக்கிய உபநிடதம் கூறும். ‘நாடுதலின் நாடி’ என்பார் கூற்றுச் செவிக்கு இனிது, நூல்வழக்கிற்கு ஏலாது. மருத்துவர் கைபிடித்துப் பார்க்கும் துடிப்போ, வழியின் பெயர் அதன் இயக்கத்திற்கு ஆகிவந்தது.

இப்பொருளைக் காவிரிநாட்டு நெற்களமும் காட்டும். நாடியே தமிழில் நாழியாயிற்று. சோழரைத் தெலுங்கர் சோடரென்றலின், டகர ழகரங்களின் உறவு புதிதன்று. நாழியாவது அளவைக்குழாய். மலையாள நாட்டார் மூங்கிற்குழாயால் அதனைச் செய்து முளநாழி என்றனர். நாழிகையும் அதுவே: நான்கங்குல நீளமுள்ள பொற்குழாய்வழி ஓராடக நீர் ஒழுகும் காலத்தை நாளிகை என்று கௌடிலீய அர்த்தசாத்திரம் வரையறுக்கும்.

எட்டு நாழி கொண்டது ஒரு மரக்கால். தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள், கோயில் நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்க விதித்தன. அக்கோயில் 1010-இல் நிறைவெய்தியது. தில்லையில் ஆடும் பெருமானது திருப்பெயரே அம்மரக்காலுக்கு இடப்பட்டது. தில்லையை இதயத் தாமரையாகவும், ஆங்குள்ள அம்பலத்தை அதன் உள்வெளியாகிய தகராகாசமாகவும் கொள்வது சைவ மரபு. அளப்பது அளவையின் சுவரன்று, அதன் உள்வெளியே. பெயரிட்டார் இதனை எண்ணி இட்டனரோ, அன்றோ, பெயர் பொருந்தியே நிற்கின்றது.

இவ்வாராய்ச்சி சொல்லளவில் நிற்பதன்று. திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் போற்றிவரும் தீக்கைநெறியில் நாடிசந்தானம் என்றொரு கிரியை உண்டு. தருப்பையை இடையிட்டு ஆசிரியன் தன் நாடியை மாணாக்கன் நாடியோடு இயைப்பன். நரம்பென்று பொருள் கொண்டால் ஈண்டு இழையோடு இழை முடிவதன்றி வேறு தோன்றாது. உட்டுளை எனக் கொள்ளின், ஆசிரியனது பிராணன் சென்று மாணாக்கனது ஆன்மாவைப் பற்றி மீளும் பாவனை இடரின்றி விளங்கும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவைகள் வந்தபின் நாழி களத்தைவிட்டு நீங்கிற்று. தசநாடிக்கு உரைவரைவார் இனி அச்சான்றைக் கல்வெட்டிலேயே தேடல் வேண்டும்.