ஊவாவின் ஆறுகளும் பாலங்களும்

ஆறு ஊரை வளர்க்கும். சில இடங்களில் நாட்டையும் பிரிக்கும். இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடையே சில மைல் தூரம் எல்லையாக ஓடும் துவீட் ஆறு அத்தகையது. அதன் முகத்துவாரத்திலுள்ள பெரிக் நகரம் இரு நாட்டவரிடமும் பலமுறை கைமாறிய ஊர். பின்னர் 1820 இல் அவ்வாற்றின் குறுக்கே ஒரு தொங்குபாலமும், 1850 இல் இருபத்தெட்டு வளைவுகளுடன் ஒரு புகையிரதப் பாலமும் எழுந்தன. படைகள் மோதிய எல்லை மக்கள் போய்வரும் வழியாயிற்று. அப்பாலங்களை அமைத்த பொறியியலாளரின் பெயர்களை இன்றும் அங்குள்ளோர் சொல்கிறார்கள்.

நேயர்களே, நமது ஊவாவுக்கும் இவ்வாறானதொரு வரலாறு உண்டு. வடக்கே மகாவலியும் மேற்கே உமா ஓயாவும் இந்நாட்டுக்கு அகழிபோல் அமைந்தவை. பதுளை நகரையோ பதுளு ஓயா ஏறத்தாழ முழுவதுமாகச் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறது. துன்ஹிந்தையில் பாறையிலிருந்து குதித்து, வடக்கே சென்று மகாவலியோடு கலக்கிறது. மலையும் ஆறும் காவல் செய்த இந்த ஊருக்குள் அந்நியர் வருவது எளிதாக இருக்கவில்லை. 1630 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பதுளையை எரித்தார். ஆனால் திரும்பும் வழியில் ரந்தெனிவெலயில் தம் படையோடு மாண்டார். 1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன பின்னரும், 1817 - 1818 ஆம் ஆண்டுகளில் அவர்களுக்கெதிரான பெருங்கிளர்ச்சி ஊவாவிலேயே மூண்டது.

அக்காலத்து வழிகளுக்குச் சாட்சியாக நிற்பது பொகொட மரப்பாலம். பதுளைக்கு மேற்கே, கண்டிக்குச் சென்ற பழைய பாதையில், கல்லந்த ஓயாவின் குறுக்கே அது கிடக்கிறது. தூண், பலகை, கைபிடி எல்லாம் மரம், ஆணியும் மரமே. மேலே ஓட்டுக்கூரை. யாத்திரிகனும் வியாபாரியும் மழைக்கு ஒதுங்கி இளைப்பாறிப் போகத்தக்க பாலம் அது. 16 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். ஒரு மனிதன் நடக்கும் வேகத்துக்கு அளவாகக் கட்டப்பட்டது.

ஆங்கிலேயருக்கு அந்த வேகம் போதவில்லை. கிளர்ச்சியை அடக்கவும், பின்னர் கோப்பியை இறக்கவும் அவர்களுக்குத் தெருக்கள் வேண்டியிருந்தன. அக்கால நிருவாகிகளுள் ஒருவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்றவர். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எழுந்ததே பதுளையிலுள்ள புனித மார்க் தேவாலயம். யானை கொன்றவருக்கும் ஒரு கோயில் கிடைத்தது. அவர் பெயரும் கல்லில் நிலைத்தது.

தெரு வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டை ஊடறுத்து, மாத்தளை வழியாக நடந்தே மலையேறிய தென்னிந்தியத் தமிழர் அவர்கள். கொலராவும் பசியும் அந்த வழியெங்கும் அவர்களைத் தின்றன. எஞ்சியோர் காடழித்தனர், கோப்பி நட்டனர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது தேயிலை நட்டனர்.

தேயிலையோடு புகையிரதமும் ஏறியது. 1885 இல் நானுஓயா, 1893 இல் அப்புத்தளை, 1894 இல் பண்டாரவளை என்று படிப்படியாக வந்த பாதை, பதுளையைத் தொட இன்னும் முப்பது ஆண்டுகள் எடுத்தது. பண்டாரவளைக்கு இப்பாலுள்ள சரிவு அத்தகையது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே, இரும்புச் சட்டமின்றி எழுந்த ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் முடிந்தது. தெமோதரையிலோ பாதை ஒரு குன்றைச் சுற்றி இறங்கி, தான் கடந்துவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கவழியாகப் புகுந்து செல்கிறது. 1924 இல் பதுளையில் முதற் புகையிரதம் வந்து நின்றது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரம்.

தோட்டத்து மக்கள் புகையிரதத்தைக் 'கோச்சி' என்பார்கள். தேயிலைப் பெட்டி ஏற்றிய கோச்சி பின்னர் மனிதர்களையும் ஏற்றியது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே லயத்தில், சில வேளை ஒரே குடும்பத்தில், ஒருவருக்கு இந்தக் கரை, மற்றவருக்கு அந்தக் கரை. ஊவாவின் நிலையங்களில் ஏறியவர்கள் ஒன்பது வளைவுகளையும் கடந்து, மலையிறங்கி, தலைமன்னார் சென்று கப்பலேறினார்கள். மேடையில் நின்றவரும் வண்டியில் இருந்தவரும் ஒருசேர அழுததால் அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பெயர் வந்தது. பாட்டன் நடந்து வந்த தூரத்தைப் பேரன் வண்டியில் திரும்பிக் கடந்தான். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 இல்தான் சட்டம் பிரஜாவுரிமை தந்தது.

நமது பாலங்களின் கதை துவீட் ஆற்றின் கதையிலிருந்து வேறுபடும் இடம் இதுவே. அங்கே பாலம் இரு கரையையும் சேர்த்தது. இங்கே மலையையும் துறைமுகத்தையும் சேர்த்த அதே பாதை, தாயையும் மகளையும் பிரிக்கவும் பயன்பட்டது. பாலம் தானாக யாரையும் சேர்ப்பதுமில்லை, பிரிப்பதுமில்லை; அதன்மேல் யார் போகலாம், யார் இருக்கலாம் என்று எழுதும் கைதான் அதைச் செய்கிறது.

இன்று ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கப் பல நாட்டாரும் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள், கட்டிய ஆண்டைக் கேட்கிறார்கள். கல் சுமந்தவர் யார் என்று கேட்டால் விடை சொல்ல நம்மிடம் ஏடு இல்லை. கல்வெட்டில் இடம் பெறாதவர்களுக்கு இலக்கியமே கல்வெட்டு. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்து, தாம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், 2022 இல் மறையும்வரை அந்த வேலையைத்தான் செய்தார். ஆனால் ஓர் எழுத்தாளர் எத்தனை பேரின் பெயரை எழுதிவிட முடியும்?

தோட்டங்களில் இன்னும் முதியவர்கள் இருக்கிறார்கள். எந்தத் துறையில் இறங்கினோம், எந்தத் தெருவுக்குக் கல்லுடைத்தோம், எந்தக் கோச்சியில் யாரை வழியனுப்பினோம் என்பதெல்லாம் தம் பெற்றோர் வாய்வழி கேட்டு அவர்கள் நினைவில் உள்ளவை. நம் பிள்ளைகள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் உட்காரட்டும். முதலில் பெயரைக் கேட்கட்டும். பிறகு ஊரைக் கேட்கட்டும்.