புனே கிராமங்களும் பாலின் கணக்கும்

மனிதனுடைய பிற்கால ஆரோக்கியம் தாயின் வயிற்றிலேயே நிர்ணயமாகிவிடுகிறதோ என்னும் வினாவுக்கு விடை தேடி, புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவருடைய சகாக்களும், இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, புனேயை அடுத்த ஆறு கிராமங்களில் 1993-ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். வயலில் பாடுபட்டுக்கொண்டே கர்ப்பம் சுமந்த பெண்கள் உண்டது என்ன, அவர்கள் பெற்ற சிசுக்களின் எடை என்ன என்று பொறுமையாக எழுதிவைத்த அந்தக் கணக்கில், நிறைமாதக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சௌதாம்ப்டன் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. 2001-இல் வெளியான முடிவுகளின்படி, மொத்த ஆகாரத்தின் அளவைக் காட்டிலும், பாலும் கீரையும் பழமும் அடிக்கடி உண்டதே குழந்தையின் பருமனோடு அதிகம் பொருந்தி வந்தது.

அத்தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டோரிடம் பி12 ஜீவசத்து குறைந்திருக்கக் கண்டார்கள். தாவரங்கள் தர இயலாத இச்சத்து, பசுவின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களால் உண்டாகிப் பாலில் சேர்வது; ஆகையால் புலால் உண்ணாத குடும்பங்களுக்குப் பாலே அதன் பிரதான ஆதாரம்.

இந்த ஆய்வு பால் ஒவ்வாமையைப் பற்றியதன்று. எனினும், பசும்பாலின் புரதம் ஒவ்வாத குழந்தையை வளர்க்கும் சைவக் குடும்பம் எதை இழக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது. எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் ஏறக்குறைய அதே புரதங்களை உடையவையாதலால், இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அவையும் ஆகா. பாலில் கிடைத்த சுண்ணாம்புச்சத்தைக் கேழ்வரகும் எள்ளும், புரதத்தைப் பருப்பு வகைகளும் ஓரளவு ஈடுசெய்யலாம். பி12-க்கோ வைத்தியர் தரும் மருந்தைத்தான் நாட வேண்டும். தாய்ப்பால் அருந்தும் சிசுவின் பொருட்டுத் தாயே பாலை விலக்க நேரிடின், அவளுக்கும் இது பொருந்தும்.

ஈடு போதுமானதா என்பதைச் சொல்வது வளர்ச்சி வரைபடம். ஐந்து வயதுவரை உலக சுகாதார ஸ்தாபனம் 2006-இல் வெளியிட்டதும், அதற்குமேல் புனே மருத்துவர்களான வாமன் காடில்கரும் அனுராதா காடில்கரும் முன்னின்று தயாரித்து, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்டதும் இன்று வழக்கில் உள்ளன. இவ்வொவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில ஆண்டுகளில் தானே நீங்கிவிடும். வைத்தியரின் மேற்பார்வையில் பாலை மீண்டும் கொடுத்துப் பார்க்கும் அந்நாள்வரை, எடையையும் உயரத்தையும் தவறாமல் குறித்து, கோடு சரியத் தொடங்கியதுமே ஆகாரத்தைத் திருத்துவது பெற்றோரின் கடமை.