இருவரும் எல்லாரும்

ஆங்கிலர் இருவரை ஒருங்கே சுட்டுமிடத்து 'போத்' என்பர். மூவர் முதலாயினாரைச் சுட்டுமிடத்து 'ஓல்' என்பர். தமிழோ 'இருவரும்', 'மூவரும்', 'எல்லாரும்' என முற்றும்மை ஒன்றினாலேயே அப்பொருளை முடிக்கும். இதனைத் தமிழின் வறுமையென்பாரும் உளர். அது பொருந்துமா என ஆராய்வாம்.

வடமொழியில் ஒருமை, இருமை, பன்மை என எண் மூன்று. பாளியில் இருமை வழக்கொழிந்தது. பழைய ஆங்கிலத்திலும் 'நாம் இருவர்', 'நீவிர் இருவர்' எனப் பொருள்படும் தனிப் பெயர்கள் வழங்கி, 13ஆம் நூற்றாண்டளவில் மறைந்தன. 'பிற்றுவீன்' என்னுஞ் சொல்லினுள்ளும் இரண்டென்னும் எண்ணே உறைகின்றது. அச்சொல் இருவர்க்கே உரியது, பலர்க்கு 'அமங்' என்பதே தகும் என்றார், 1755இல் அகராதி வெளியிட்ட ஜோன்சன். அவ்வரையறை எப்பொழுதும் பேணப்படுவதில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். நம் வகுப்புக்களில் முன்னதை மட்டும் விதியாகப் புகட்டிவந்தோம்!

தொல்காப்பியர் ஒருமை பன்மை என்னும் இரண்டே கொண்டார். ஆயின் கேட்போனை உளப்படுத்தும் தன்மைப் பன்மை தமிழிற்கு உண்டு. ஆங்கிலத்தின் 'வீ' அவ்வேறுபாட்டை அறியாது. (யாழ்ப்பாணப் பேச்சில் 'நாங்கள்' என்பதே பெரும்பாலும் இரண்டற்கும் நிற்பது வேறு கதை.) ஆகவே ஒருமொழியில் இல்லாதது கொண்டு அதனை வறிதென்றல் முறையன்று.

இடர் மொழிபெயர்ப்பிலேயே தோன்றுகின்றது. நமது மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் 1842இல் வெளியிட்ட, சந்திரசேகர பண்டிதர் தொகுத்த அகராதி ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. நைற் பாதிரியார் தொடங்கிய தமிழ்–ஆங்கில அகராதி முயற்சி, 1862இல் சென்னையில் வின்சிலோவின் பேரகராதியாக நிறைவெய்தியது. அரும்பணிகளே, எனினும் 'உம்' என்னும் இடைச்சொல்லின் ஆற்றல், சொல்லுக்குச் சொல் பொருள் தேடுவானுக்கு எளிதிற் புலப்படுவதன்று. அது தொடரிலே உயிர்ப்பது.

'தாய் தந்தையர் இருவரும் வரவில்லை' என்பதை மாணாக்கன் 'போத் டிட் நொட் கம்' என எழுதுகின்றான். ஒருவரேனும் வந்தனரோவென ஆங்கிலன் ஐயுறுவான். 'நீதர் கேம்' என்றாலே அவ்வையம் தீரும். தமிழிலும் இவ்வையம் இல்லாமலில்லை. 'எல்லாரும் வந்திலர்' என்புழிச் சிலர் வந்தனர் என்றும் பொருள்படுதலின், முற்றும்மை ஒரோவழி எச்சமாதலை நன்னூலார் விதித்தார். நன்னூற் காண்டிகையை நாவலர் பதிப்பிற் கற்ற நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். இன்று இவ்விதியை இலக்கண வகுப்பிற் படிப்பிக்கும் ஆசிரியரும், 'நீதர்' என்பதை ஆங்கில வகுப்பிற் படிப்பிக்கும் ஆசிரியரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.