சீதபேதியும் கைமாறிய மருந்தெதிர்ப்பும்

மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமிகளின் வரலாறு பென்சிலினிலிருந்து தொடங்கிச் சொல்லப்படுவதே வழக்கமாயினும், அவ்வரலாற்றின் பெருந்திருப்பம் ஜப்பானியச் சீதபேதி நோயாளிகளின் மலத்தை ஆராய்ந்த கூடங்களில்தான் நிகழ்ந்தது. ஒரு பாக்டீரியா பெற்ற மருந்தெதிர்ப்பு, அதாவது கொடுத்த மருந்தைத் தாங்கிப் பெருகும் திறன், அதன் வழித்தோன்றல்களோடு நில்லாமல் அருகிலிருக்கும் வேற்றினப் பாக்டீரியாவுக்கும் கைமாறக்கூடும் என்பது 1959ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பட்டது.

ஜப்பானியர் சீதபேதியைச் 'செகிரி' என்பர். 'சிவப்புப் பேதி' என்பது அதன் பொருள். அடிவயிற்றை முறுக்கும் கடுப்பும், குருதியும் சளியும் கலந்த கழிச்சலும் இந்நோயின் அடையாளங்கள். 1897இல் அந்நாட்டில் பரவிய கொள்ளைநோய் ஏறத்தாழ 90,000 பேரைப் பற்றி, அவர்களுள் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அவ்வாண்டில் நுண்ணுயிரியலாளர் கிதசாதோவின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கியோஷி ஷிகா, 36 நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களின் மலத்திலிருந்து பிரித்த ஒரு கோல்வடிவப் பாக்டீரியா அந்நோயாளிகளின் குருதிநீர் பட்டதும் கட்டிகட்டியாகத் திரள்வதைக் கண்டு, அதுவே நோய்க்குக் காரணம் என்று காட்டினார். அவர் பெயரால் அந்தப் பேரினம் ஷிகெல்லா எனப்பட்டது. நூற்றுக்கும் குறைவான உயிரணுக்கள் வாய்வழி உட்சென்றாலே நோய் உண்டாகும் என்பதால், கழுவாத கையும் கழிவு கலந்த நீரும் உள்ள இடமெங்கும் அது எளிதிற் பரவியது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சல்ஃபா மருந்துகள் பரவலாகக் கிடைத்தபோது ஜப்பானில் சீதபேதி சில ஆண்டுகள் தணிந்தது. ஆனால் அம்மருந்துகளுக்கு அடங்காத ஷிகெல்லா விரைவிலேயே பெருகி, 1952இல் நோயுற்றோர் தொகை ஓராண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. சல்ஃபாவின் இடத்தை ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிக்கால் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள் பிடித்தன. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பொருள்களிலிருந்து பெறப்பட்ட இவை பிற பாக்டீரியாக்களை அழிக்கவோ வளரவிடாமல் தடுக்கவோ வல்லவை. எனினும் 1955இல் ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு பெண்ணிடம் பிரித்தெடுத்த ஷிகெல்லா, சல்ஃபா உட்பட இந்நான்கு மருந்துகளையும் ஒருங்கே தாங்கி நின்றது; அத்தகைய கிருமிகள் அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் தென்படலாயின.

மருத்துவர்களைத் திகைக்கவைத்தது எதிர்ப்பின் தோற்றத்தைவிட, நான்கும் சேர்ந்தே வந்த முறைதான். மருந்தெதிர்ப்பு பிறப்பது தற்செயலான மரபணுத் திரிபால் என்பது அக்காலக் கொள்கை. ஒரு மருந்துக்கு எதிரான திரிபு ஒரு கோடி உயிரணுக்களில் ஒன்றில் நிகழும் என்று கொண்டால், நான்கு திரிபுகளும் ஒரே உயிரணுவில் ஒருசேர நிகழும் வாய்ப்பு, ஒன்றின் பின் 28 சுழிகள் இட்ட எண்ணில் ஒரு பங்கே ஆகும். அவ்வளவு பாக்டீரியாக்கள் ஒருவர் குடலில் இருக்க இடமில்லை. மேலும், ஒரே நோயாளியின் மலத்தில் மருந்துக்கு அடங்கும் ஷிகெல்லாவும் அடங்காத ஷிகெல்லாவும் ஒருசேரக் காணப்பட்டன; ஒரு மருந்தை மட்டுமே உண்டவரிடத்தும் நான்கையும் எதிர்க்கும் கிருமி தோன்றியது; அத்தகையோரின் குடலில் இயல்பாகத் தீங்கின்றி வாழும் எஷெரிச்சியா கோலை என்னும் பாக்டீரியாவும் அதே நான்கு மருந்துகளுக்கு அடங்காமல் இருந்தது.

இந்த ஒற்றுமையே விடைக்கு வழிகாட்டியது. தோக்கியோவில் தோமோஇச்சிரோ அகிபாவும் நகோயாவில் குனிதாரோ ஒச்சியாயும் தத்தம் குழுக்களுடன், மருந்தெதிர்ப்புள்ள கோலையையும் மருந்துக்கு அடங்கும் ஷிகெல்லாவையும் ஒரே திரவ ஊடகத்தில் கலந்து வளர்த்தனர். இவ்வகைச் சோதனையில் கலவையின் ஒரு துளியை, மருந்தும் பால்சர்க்கரையும் நிறங்காட்டியும் சேர்த்த திண்ம ஊடகத் தட்டில் பரப்பி ஓரிரவு வைத்தால், பால்சர்க்கரையைப் புளிக்கச்செய்யும் கோலை சிவந்த புள்ளிகளாகவும், புளிக்கச்செய்யாத ஷிகெல்லா வெளிறிய புள்ளிகளாகவும் முளைக்கும். மருந்திட்ட தட்டில் முளைக்கவே கூடாத வெளிறிய புள்ளிகள் முளைத்தால், கோலையின் எதிர்ப்பை ஷிகெல்லா பெற்றுவிட்டது என்பது வெறுங்கண்ணுக்கே புலனாகும். உயிரணுக்களை வடிகட்டி நீக்கிய திரவத்தால் இம்மாற்றம் நிகழாமையால், இரண்டு பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று தொட்டாலொழிய எதிர்ப்பு கைமாறாது என்பதும் விளங்கிற்று.

கெய்யோ பல்கலைக்கழகத்தின் த்சுதோமு வதனபே இதன் இயக்கத்தை ஆராய்ந்தார். கைமாறுவது பாக்டீரியாவின் முதன்மை நிறப்புரியைச் சாராமல் தனித்துப் பெருகும் ஒரு சிறு டிஎன்ஏ வளையம். இத்தகைய வளையங்களுக்குப் பிளாஸ்மிட் என்ற பெயரை ஜோஷுவா லெடர்பெர்க் 1952இலேயே வழங்கியிருந்தார். பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே வளையத்தில் வரிசையாக அமர்ந்திருப்பதால் ஒன்று போகுமிடத்துக்கு அனைத்தும் போகின்றன. ஒரு மருந்தைப் பயன்படுத்தினாலே ஏனையவற்றுக்கான எதிர்ப்பும் நிலைபெறுவது இதனால்தான். முதற்கட்டுரைகள் ஜப்பானிய மொழியில் வெளிவந்தமையால் மேலைநாட்டார் அவற்றைப் பெரிதும் அறியவில்லை. 1963இல் வதனபே ஆங்கிலத்தில் எழுதிய விரிவான மதிப்பாய்வுக்குப் பின்னரே உலகம் விழித்துக்கொண்டது.

அதற்குள் பிரித்தானியாவிலும் அதே கதை தொடங்கியிருந்தது. 1959இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் பரவிய சால்மொனெல்லா என்னும் குடற்கிருமியின் தொற்றை ஆராய்ந்த நவோமி தத்தா, கைமாறும் எதிர்ப்பை 1962இல் அங்கும் நிறுவினார். இ. எஸ். ஆண்டர்சன் அதனைக் கன்றுக்குட்டிகளை வளர்க்கும் பண்ணைகள்வரை பின்தொடர்ந்து சென்றார். மனிதர்க்குப் பயன்படும் ஆன்டிபயாட்டிக்குகளைக் கால்நடையின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கலாகாது என்று 1969இல் பிரித்தானிய அரசு அமைத்த ஸ்வான் குழு பரிந்துரைத்தது. அதே ஆண்டு குவாத்தமாலாவில் பரவிய ஷிகெல்லா, அமீபாவால் வரும் சீதபேதி என முதலில் தவறாகக் கருதப்பட்டதாலும், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காததாலும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

டைபாய்டு காய்ச்சலும் இப்பாதையிலிருந்து தப்பவில்லை. 1948இல் கோலாலம்பூரில் உண்ணிக்காய்ச்சலுக்குக் குளோராம்பெனிக்காலைச் சோதித்த அமெரிக்க மருத்துவர் குழு, நோயாளிகளுள் சிலருக்கு இருந்தது உண்மையில் டைபாய்டு என்றும், அதுவும் அம்மருந்தால் தணிகிறது என்றும் தற்செயலாகக் கண்டது. பத்தில் ஒருவரையாவது கொன்றுவந்த நோய்க்கு முதல்முறையாக மருந்து கிடைத்தது. ஆனால் 1972இல் மெக்சிகோவிலும் கேரளத்துக் கோழிக்கோட்டிலும், குளோராம்பெனிக்காலுக்கு அடங்காத, அவ்வெதிர்ப்பைக் கைமாற்றவும் வல்ல டைபாய்டு கிருமிகள் தோன்றின. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் எழுந்த டைபாய்டு, செஃப்ட்ரையாக்சோன் என்னும் ஆன்டிபயாட்டிக் உட்பட ஐந்து வகை மருந்துகளையும் எதிர்த்தது. அதற்கு உதவிய பிளாஸ்மிட் கோலை போன்ற குடல்வாழ் பாக்டீரியாக்களிடையே முன்பே புழங்கிய ஒன்று.

இந்த வளையங்கள் மருந்துகளால் பிறந்தவையா என்ற கேள்விக்கு 1983இல் விடை கிடைத்தது. நுண்ணுயிரியலாளர் இ. ஜி. டி. மரே 1917 முதல் 1954 வரை சேர்த்துவைத்த நூற்றுக்கணக்கான குடற்கிருமிகளை ஹியூஸ் என்னும் ஆய்வாளரும் முன்சொன்ன தத்தாவும் உயிர்ப்பித்துப் பார்த்தபோது, கைமாறும் பிளாஸ்மிட்டுகள் அன்றும் மலிந்திருந்தன. மருந்தெதிர்ப்பு மரபணுக்களே அவற்றில் இல்லை. வண்டிகள் பழையவை, அவற்றில் ஏறிய சரக்கே ஆன்டிபயாட்டிக் காலத்தது.

ஒவ்வொரு முறையும் புதிய மருந்து வந்ததும், அதனை எதிர்க்கும் மரபணு அடுத்த வளையத்தில் ஏறியதும் இவ்வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. ஜப்பானில் சீதபேதி அடங்கிய விதமோ இவ்வரிசையில் சேராதது. 1960களின் நடுவிலிருந்து அங்கே நோயாளிகளின் தொகை சரிந்துகொண்டே சென்றபோதும், எஞ்சியவர்களிடம் பிரித்த ஷிகெல்லாக்களில் பெரும்பாலானவை மருந்துகளுக்கு அடங்காதவையாகவே இருந்தன. கிருமியின் எதிர்ப்பு குறையாமலே நோய் குறைந்ததற்குக் காரணமாக நின்றவை தூய்மையாக்கிய குடிநீரும், முறையான கழிவகற்றலும், கழுவிய கையுமே ஆகும்.